ஓடும் மையும் காளத்தி எழுத்தும்

திருக்காளத்தி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் மக்களின் நினைவில் முதலில் எழுபவர் கண்ணப்பரே. தெலுங்கில் சுவர்ணமுகி என வழங்கும் ஆற்றை நம் பழைய நூல்கள் பொன்முகலி என்று அழைக்கின்றன. அவ்வாற்றின் கரையில் நிற்கும் இத்தலம் 2022ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர்ப் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. திருமலை யாத்திரை சென்றவர்கள் காளத்தியையும் கண்டு திரும்புவது வழக்கம். ஆயினும் அவ்வூருக்குரிய இன்னொரு புகழைக் கண்டு திரும்புவோர் சிலரே. மூங்கிற் கோலால் துணியின்மேல் மை கொண்டு எழுதும் கலம்காரி ஓவியமே அது.

மற்றொரு புறம், ஊர்விட்டு ஊர் வந்து பெங்களூரிலும் புனேயிலும் தில்லியிலும், சித்தூரிலும் திருப்பதியிலுமாக வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு புதிய பொழுதுபோக்கு புகுந்திருக்கிறது. கோப்பைகளில் அக்ரிலிக் மைகளைக் கலந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான்மீது கொட்டி, அதைச் சாய்த்துச் சாய்த்து வண்ணங்களை ஓடவிடுகிறார்கள். தூரிகை இல்லை, உருவமும் இல்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இதைச் செய்யத் தொடங்கியதும், “கண்ட வண்ணத்தையும் கொட்டிவிட்டால் அது படமாகுமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏனெனில், விலை கொடுத்து வாங்கிய மை முழுவதும் சேற்று நிறமாகக் கலங்கி, காய்ந்தபின் வறண்ட ஏரிபோல வெடித்துக் கிடப்பதே பெரும்பாலோருடைய முதல் முயற்சியின் முடிவாக இருக்கிறது.

முற்றிலும் மாறான இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மை என்பது ஓடும் பொருள். அதை எங்கே ஓடவிடுவது, எங்கே நிறுத்துவது என்பதுதான் இரண்டு கலைகளுக்கும் அடிப்படையான சிக்கல். காளத்தி ஓவியர் அதைத் துணியில் பாலேற்றித் தீர்த்தார். வண்ணம் ஊற்றுவோர் மையில் வேறொரு பொருளைக் கலந்து தீர்க்கிறார்கள். முன்னதை அறிந்துகொண்டால் பின்னதில் கை தவறுவது பெரிதும் குறையும் என்பது நம் எண்ணம்.

காளத்தியில் நடப்பதை முதலில் காண்போம். ஆலையில் நெய்த வெளுக்காத பருத்தித் துணியை எடுத்து, சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, மீண்டும் நனைத்து வெளுக்கிறார்கள். பஞ்சோடு பிறந்த பசையும் நெசவுக் கஞ்சியும் நீங்கிய அத்துணி, இனி எதையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்நிலையில் அதன்மேல் மையை வைத்தால் ஒரு கோடும் கோடாக நில்லாது. மழைத்துளி பட்ட ஏட்டில் எழுத்துக் கலைவது போல இழைதோறும் பரவிவிடும். ஆகவே கடுக்காயை இடித்து எருமைப்பாலிற் கலந்து, துணி முழுவதையும் அதில் தோய்த்துப் பிழிந்து உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இழைகளிற் பற்றிக்கொள்கிறது. பாலிலுள்ள கொழுப்பு இழைகளுக்கிடையே படிந்து மையின் ஓட்டத்தைத் தடுக்கிறது. பால் குறைந்தால் கோடு கசியும். எருமைப்பாலையே நாடுவதற்குக் காரணம் அதிலுள்ள மிகுந்த கொழுப்புத்தான்.

கறுப்பு மை தயாராகும் விதமும் அறியத்தக்கது. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரிலிட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க வைக்கிறார்கள். வெல்லம் புளித்துக் காடியாகி இரும்பைக் கரைக்கிறது. வடித்தெடுத்த அந்நீர் கறுப்பாக இராது, வெளிறித்தான் இருக்கும். கடுக்காய் ஏறிய துணியைத் தொட்ட பின்னரே, இரும்பும் துவர்ப்பும் கூடி, எழுதிக்கொண்டிருக்கும்போதே கோடு கறுத்து வருகிறது. நிறத்தின் ஒரு பாதி கோலில் இருக்க, மறு பாதி துணியில் காத்திருக்கிறது என்று சொல்லலாம். இரும்பு நீர் அளவுக்கு மீறிக் கடுமையானால், நாளடைவில் அக்கோடே துணியை அரித்துவிடும் என்பதையும் ஓவியர்கள் அறிவார்கள்.

எழுதுகோல் ஒரு மூங்கிற் குச்சி. நுனியைக் கூராகச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளி மயிரையோ துணியையோ உருண்டையாகச் சுற்றி நூலாற் கட்டியிருப்பார்கள். அவ்வுருண்டை மையைக் குடித்துக்கொள்ளும். விரல்களால் அதை மெல்ல அழுத்த, மை நுனிக்கு இறங்கும். அழுத்தம் தளர்ந்தால் நிற்கும். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் முதலில் உருவங்களைக் குறித்துக்கொண்டு, அதன்மேல் இக்கோலால் எழுதுகிறார்கள். கலம் என்பது பாரசீகத்தில் எழுதுகோல். காரி என்பது தொழில். இப்பெயர் பின்னால் வந்தது. அவ்வூரார் பழைய நாளில் இதை வ்ராதபணி, அதாவது எழுத்து வேலை, என்றே சொல்லி வந்தனர். தமிழிலும் ஓவியத்தை எழுதுவது என்றுதானே சொல்கிறோம்! எழுத்துக்கும் ஓவியத்துக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்ட இரு மொழிக்காரர் இவ்வட்டாரத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கின்றனர்.

சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தடவி ஒரு நாள் இரண்டு நாள் ஆறவிட்டு, ஓடும் நீரில் அலசி, சாயவேர், மஞ்சிட்டி போன்ற செஞ்சாயப் பொருள்களோடு கொதிக்க வைப்பது பழைய முறை. படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மற்ற இடத்தில் ஏறிய செம்மை வெளுப்பில் போய்விடும். இக்காலத்தில் ஆலையில் செய்த அலிசரின் சாயமும் வழக்கில் உண்டு. பின்னர் மஞ்சளும் அவுரி நீலமும் இடவேண்டும். அதற்கு முன் துணி மறுமுறையும் பாலிலே தோய்கிறது. பலமுறை அலசியதில் முதற்பாலின் காவல் நீங்கியிருக்கும் அல்லவா? ஓட்டத்தை நிறுத்தும் பொருளை, தேவைப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் புதுப்பிக்க வேண்டும் என்பது இதில் அடங்கிய நுட்பம். ஊற்று ஓவியம் பழகுவோர் மனத்தில் இருத்தவேண்டிய செய்தியும் இதுவே.

கடலுக்கு அப்பால் நடந்த கதைக்கு இனி வருவோம். மெக்சிகோ நாட்டு ஓவியர் சிக்கேரோஸ் என்பவர் 1936ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஒரு சோதனைப் பட்டறை நடத்தினார். ஒரு வண்ணத்தை ஊற்றி, அது காயுமுன் மற்றொன்றை அதன்மேல் ஊற்றினால், இரண்டும் தாமாகவே ஒன்றையொன்று துளைத்துக்கொண்டு, தேன்கூட்டின் கண்கள் போலவும் கிளைத்த வேர்கள் போலவும் உருக்கொள்வதை அங்கே கண்டனர். இதற்குத் தற்செயல் ஓவியம் எனப் பெயரிட்டார் அவர். பிற்காலத்தில் வண்ணத்தைச் சொட்டவிட்டும் வீசியும் படம் செய்து உலகப் புகழ் பெற்ற ஜாக்சன் போலாக் அப்பட்டறையில் இருந்தவர்களுள் ஒருவர்.

அது உண்மையில் தற்செயல்தானா? மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து, 2015ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கனமான நீர்மம் மேலும் இலேசான நீர்மம் கீழும் அமைந்தால் அந்நிலை நிலைக்காது. மேலுள்ளது ஆங்காங்கே பொத்துக்கொண்டு இறங்க, கீழுள்ளது இடுக்குகளின் வழியே மேலேறும். அந்த இறக்கமும் ஏற்றமும் வரைவதே நாம் காணும் கண்கள். வெள்ளை மையில் உள்ள டைட்டானியம் ஆக்சைடு என்னும் தூள் நீரைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு கனமுடையது. கறுப்பு மையின் கரித்தூளோ 2 மடங்குக்கும் குறைவு. எனவே கறுப்பின்மேல் வெள்ளையை ஊற்றினால் கண்கள் திறக்கும். வெள்ளையின்மேல் கறுப்பை ஊற்றினால் அவ்வளவாகத் திறவா. கைகூடுவதற்கும் தவறுவதற்கும் இராசி காரணமன்று. எதை மேலே வைத்தோம் என்பதே காரணம்.

இன்னொரு செய்தியும் இங்குப் பொருந்தும். அமெரிக்க ஓவியர் ஹெலன் பிராங்கென்தாலர் 1952இல் தம் 23ஆம் வயதில் ‘மலைகளும் கடலும்’ என்ற படத்தைச் செய்தார். ஏறத்தாழ 7 அடி உயரமும் 10 அடி அகலமும் கொண்ட கித்தானைத் தரையில் விரித்து, கரியால் சில கோடுகள் குறித்து, நீர்க்கச் செய்த எண்ணெய் வண்ணத்தை அதன்மேல் ஊற்றினார். கித்தானுக்கு அடிப்பூச்சு ஏதும் கொடுக்கவில்லை. வண்ணம் இழைகளில் ஊறிக் கறைபோலப் படரட்டும் என்பதே அவர் நோக்கம். கரிக்கோடு காளத்தியிலும் உண்டு. ஆனால் காளத்தியார் தடுத்த கசிவை இவர் விரும்பி வரவேற்றார். துணி ஒன்றே, அதன்மேல் ஒரு பூச்சு இருப்பதும் இல்லாமையுமே வேறுபாடு. பூச்சில்லாத துணியை எண்ணெய் நாளடைவில் நைந்துபோகச் செய்யும் என்ற குறையும் அம்முறையில் உண்டு. நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணங்கள் 1950களின் நடுவில் ஓவியர்க்கெனக் கடைக்கு வந்தன. அவற்றால் அக்குறை நீங்கியது.

இப்போது வீட்டில் செய்யும் முறையைப் பார்ப்போம். அக்ரிலிக் மை என்பது மிக நுண்ணிய வண்ணத் தூளை, நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்களோடு சேர்த்து நீர்க்க ஆக்கியது. நீர் வற்ற வற்ற அத்துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டி ஒரு தோலாகின்றன. வண்ணம் அத்தோலுக்குள் சிறைப்படுகிறது. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாததற்குக் காரணம் இதுவே. மையை மட்டும் தனியே ஊற்றினால் தண்ணீர்போல் ஓடி விளிம்பில் வழிந்துவிடும். வண்ணங்களும் உடனே ஒன்றில் ஒன்று கரைந்து கலங்கும். போரிங் மீடியம் என்று கடைகளில் விற்கும் பால்போன்ற பொருளை இதற்காகவே சேர்க்கிறோம். அதுவும் வண்ணமில்லாத அக்ரிலிக் பசையே. அது மைக்கு ஒரு கனத்த, சீரான நடையைக் கொடுக்கிறது. ஒன்றையொன்று தொட்டு ஓடும் வண்ணங்கள் தத்தம் எல்லையை இழக்காதபடி காக்கிறது. காளத்தித் துணியில் எருமைப்பால் செய்யும் காவலை இங்கே இது மைக்குள்ளேயே இருந்து செய்கிறது எனலாம்.

ஒரு தேநீர்க் கோப்பை மீடியத்திற்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி மை போதும். மை கூடினால் நிறம் கூடும் என்று எண்ணி மிகுதியாக ஊற்றுவது வீண் செலவு; பதமும் கெடும். மெல்லக் கிளற வேண்டும். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழிகள் புகுந்து, காய்ந்தபின் ஊசி குத்திய துளைகளாகத் தெரியும். கலந்ததை ஒரு நாழிகை மூடி வைத்தால் குமிழிகள் அடங்கும். குச்சியை எடுத்துத் தூக்கிப் பார்த்தால், நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் இடைப்பட்ட பதத்தில் அறாமல் வடிய வேண்டும். எல்லாக் கோப்பைகளும் ஒரே பதத்தில் இருத்தல் மிக மிக அவசியம். ஒன்று கெட்டியாகவும் ஒன்று நீர்த்தும் இருந்தால், நீர்த்தது ஓடிப்போகும். கெட்டியானது கட்டியாக நிற்கும். சிக்கனம் கருதி மீடியத்துக்குப் பதிலாகத் தண்ணீரையே மிகுதியாகச் சேர்ப்போரும் உண்டு. பசை குறைந்த அந்த வண்ணம் தோலாகச் சேராமல், காய்ந்தபின் விரலில் பொடியாக ஒட்டும்.

எவ்வளவு வேண்டும் என்பது எளிய கணக்கு. 30 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள கித்தானில் 1 மில்லிமீட்டர் கனத்துக்குக் கலவை நிற்க 120 மில்லிலிட்டர் தேவை. விளிம்பில் வழிவதற்கும் சேர்த்து 150 என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய பலகையில் தொடங்குவோர் பாதியில் கலவை போதாமல் திகைப்பதைக் காண்கிறோம். உள்ளங்கை அகலமுள்ள துண்டுகளில் நாலைந்து முறை பழகுவதே முறை.

வண்ணம் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது நம் துணிபு. அவற்றுள் ஒன்று வெள்ளையாக இருக்கட்டும். சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் கலந்தால் மண்ணிறந்தான் கிடைக்கும். நீலம், வெள்ளை, அவற்றோடு சிறிது கறுப்பு என்று தொடங்கினால் கலங்கிய இடமும் அழகு கெடாது. கோப்பையொன்றில் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளறாமல் ஊற்றிக்கொண்டு, அப்படியே கித்தானில் கவிழ்க்கலாம். அல்லது நாடாபோல் வரிவரியாக ஊற்றலாம். பிறகு பலகையைக் கையிலெடுத்துச் சாய்க்க வேண்டும். நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவசரம் கூடாது. கவனிக்கத்தக்கது எப்போது நிறுத்துவது என்பதே. கண்கள் நன்கு திறந்து அழகாக நிற்கும் வேளையில், “இன்னும் கொஞ்சம்” என்று சாய்ப்பவர்கள் அவற்றை இழுத்துக் கோடுகளாக்கி விடுகிறார்கள். காளத்தி ஓவியரின் விரல் கம்பளி உருண்டையை விட்டுத் தளரும் கணத்துக்கு ஒப்பானது இது. கைத்திறன் இல்லாத கலை என்று இதைச் சொல்லுவோர் இக்கணத்தைக் கவனிக்காதவர்கள்.

இனி, காய்தல். திருப்பதி, சித்தூர் போன்ற ஊர்களின் கோடையில் தவறு நிகழ்வது பெரும்பாலும் இங்கேதான். வெயிலோ மின்விசிறியோ நேரே பட்டால் மேற்பரப்பு விரைந்து தோலாகிறது. உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது. பின்னர் உள்ளீரம் வற்றிச் சுருங்கும்போது, மேல்தோல் இழுபட்டு வெடிக்கிறது. குட்டைபோல் தடித்து நின்ற இடங்களில் வெடிப்பு மிகுதி. ஆகவே மட்டமான மேசையில், நிழலில், மேலே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, தூசியும் காற்றும் படாமல் வைத்தல் வேண்டும். மேசை மட்டமாக உள்ளதா என்பதை ஒரு கோலிக்குண்டை உருட்டியே அறியலாம். இல்லையெனில் இரவெல்லாம் வண்ணம் ஒருபுறமாக நகர்ந்து, காலையில் நாம் காண்பது வேறொரு படமாக இருக்கும். தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரு நாள் இரண்டு நாள் ஆகும். உள்வரை இறுக வாரங்கள் பிடிக்கும். அதுவரை படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கலாகாது. குளிர்மிக்க வடமாநிலங்களில் இருப்போர்க்கு எதிரான இடர் ஒன்று உண்டு. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் துகள்கள் சரிவர ஒட்டாமல், தோல் வலுவற்றுப் போகக்கூடும். தில்லியில் தை மாதத்து இரவில் மாடித் தாழ்வாரத்தில் காயவைப்பது உகந்ததன்று.

மிஞ்சிய கலவையைக் கழுவுதொட்டியில் கொட்டுவது பெரும் பிழை. இது பிளாஸ்டிக், குழாய்க்குள் படிந்து இறுகும், சாக்கடை வழியே நீர்நிலையையும் சென்றடையும். கோப்பையிலேயே காயவிட்டு உரித்தெடுத்துக் குப்பையில் சேர்க்கலாம். கைகளையும் குச்சிகளையும் முதலில் பழந்துணியால் துடைத்துவிட்டுப் பிறகே கழுவுக. காளத்தி எழுத்துக்கோ நீர் இன்றியமையாதது. ஒவ்வொரு சாயத்துக்கும் பின் துணியை ஓடும் நீரில் மிதக்கவிட்டு அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் நீங்கிய சாயம் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். இதற்கெனவே அத்தொழில் பொன்முகலிக் கரையில் அமைந்தது. அவ்வாறு மழையை நம்பிய ஆறு. ஆண்டின் பல மாதங்களில் மணலே மிகுதி.

அத்தொழில் ஒரு காலத்தில் மறைந்தே போகும் நிலையில் இருந்தது. 1950களின் பிற்பகுதியில், கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால், அகில இந்தியக் கைத்தொழில் வாரியம் காளத்தியில் ஒரு பயிற்சி நிலையம் அமைத்தது. பழைய முறையறிந்த ஜொன்னலகட்டா லட்சுமய்யா போன்றோர் அங்கே இளைஞர்க்குக் கற்பித்தனர். அவர் மைந்தர் குருப்பா செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் மரபுச் சிற்பக் கலை நிலையத்திலும் கலம்காரி ஒரு பாடமாக உள்ளது. தமிழகத்திலும் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களில் இக்கலையின் ஒரு கிளை உண்டு. கருப்பூர்க் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

விற்பனையில் இத்தொழிலுக்கு இடர் செய்வது அச்சடித்த போலி. வாரக்கணக்கில் எழுதி, அலசி, வெளுத்து முடித்த துணிக்குப் பக்கத்திலேயே, திரைச்சட்டத்தில் அச்சிட்ட துணி அதே பெயரில் கிடக்கிறது; விலை பன்மடங்கு குறைவு. ஊற்று ஓவியம் செய்து பழகியவர் கண்ணுக்கு வேறுபாடு எளிதில் புலப்படும் என்பது நாம் இதை இங்கே சொல்லக் காரணம். மை எவ்வாறு ஓடும், எவ்வாறு தேங்கும் என்பதை அவர் கையால் அறிந்தவர் அல்லவா? கையால் எழுதிய கோடு தொடங்கும் இடத்தில் சற்றுத் தடித்திருக்கும். கோலில் மை குறையக் குறைய மெலியும். மீண்டும் தோய்த்த இடத்தில் புதிதாகத் தடிக்கும். கோல் தயங்கி நின்ற இடத்தில் ஒரு சிறு புள்ளி இருக்கும். ஒரே மயில் பத்து முறை வந்தால் பத்தும் சற்றே வேறுபடும். அச்சில் பத்தும் ஒன்றே. மூக்கருகே கொண்டுபோனால் புதுத்துணியில் பாலின் மணமும் சிறிது தெரியும். காளத்திக்குச் செல்வோர் துணியை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கோட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கண்ணால் தொடர்ந்து பார்த்து வாங்குக. விலையைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு.